விடுமுறைத் தீவில் பேருந்து யாருக்காக ஓடுகிறது?

ஒரே தீவைப் பற்றி இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "கார் எதற்கு, எல்லா இடத்துக்கும் பேருந்து போகிறது" என்பார் ஒருவர். "பேருந்தை நம்பினால் விடுமுறையில் பாதி நிறுத்தத்திலேயே கழியும்" என்பார் இன்னொருவர். மால்டா, தெனரிஃபே, மொரீஷியஸ், பார்படோஸ் என்று எந்தத் தீவை எடுத்தாலும் இந்த வழக்கு தீராது. இருவருமே பொய் சொல்லவில்லை. முதலாமவர் தங்கிய இடம் வேறு, இரண்டாமவர் தங்கிய இடம் வேறு. பெரும்பாலும் வித்தியாசம் அவ்வளவுதான்.

தங்குமிடம் ஏன் இத்தனை தூரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது? தீவின் பேருந்துத் தடங்கள் யாரை மனத்தில் வைத்துப் போடப்பட்டன என்று பார்த்தால் புரியும். விடுமுறைக்கு வருபவரை வைத்து அல்ல. காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் போய் மாலையில் வீடு திரும்பும் தீவுவாசியை வைத்து.

## நகருக்கு, நகரிலிருந்து

கரீபியன் வட்டாரத்தில் இருக்கும் பார்படோஸில் பேருந்து நிறுத்தப் பலகைகளில் இரண்டே வகைதான். சாலையின் ஒரு பக்கம் "நகருக்கு" என்று எழுதியிருக்கும். எதிர்ப்பக்கம் "நகரிலிருந்து வெளியே" என்று எழுதியிருக்கும். நகரம் என்றால் தலைநகர் பிரிட்ஜ்டவுன். எந்த நகரம் என்று யாரும் கேட்பதில்லை. தீவுப் போக்குவரத்தின் இலக்கணம் முழுவதும் அந்தப் பலகையில் இருக்கிறது.

மேலே போகுமுன் நான்கு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. மையம்: எல்லாத் தடங்களும் வந்து கூடும் ஊர். அநேகமாகத் தலைநகர் அல்லது பழைய துறைமுகம்.
2. ஆரத் தடம்: மையத்திலிருந்து கிளம்பி ஒரு கடற்கரையிலோ கிராமத்திலோ முடியும் தடம். சக்கரத்தின் ஆரக்கால் போல.
3. குறுக்குத் தடம்: மையத்துக்குப் போகாமல் இரண்டு ஓரங்களை நேராக இணைக்கும் தடம். தீவுகளில் அரிது, இருந்தாலும் நாளுக்குச் சில முறைதான் ஓடும்.
4. இடைவெளி: ஒரே தடத்தில் ஒரு பேருந்துக்கும் அடுத்ததற்கும் நடுவே உள்ள நேரம். பயணிக்கு வேகத்தைவிட முக்கியமான எண் இதுதான்.

தடங்கள் மையத்தை நோக்கியே ஓடுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. தீவுகளில் ஊர் வளர்ந்தது துறைமுகத்தைச் சுற்றி. சந்தையும் நீதிமன்றமும் பெரிய மருத்துவமனையும் அங்கேதான் வந்தன. சாலைகளும் அங்கிருந்தே போடப்பட்டன. நடுவில் மலை எழுந்து நிற்கும் தீவுகளில் குறுக்குச் சாலை போடுவது கடினம். அதன்பிறகு, கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில், விடுதிகள் வந்தன. அவை துறைமுகத்தைத் தேடி வரவில்லை, மணலைத் தேடிப் போயின. அதாவது, ஆரத் தடங்களின் கடைசி நுனிகளுக்கு.

இதன் விளைவு தாய்லாந்தின் புக்கெட் தீவில் பளிச்சென்று தெரியும். பட்டோங் கடற்கரையும் கரோன் கடற்கரையும் அடுத்தடுத்து இருப்பவை. நடுவில் ஒரு குன்று. ஆனால் சோங்தேவ் எனப்படும் பழைய பகிர்வு வண்டிகள் புக்கெட் நகரிலிருந்து ஒவ்வொரு கடற்கரைக்கும் தனித்தனியாகப் போய்வருபவை. பட்டோங்கிலிருந்து கரோனுக்கு அவற்றை மட்டும் நம்பினால், தீவின் மறுபக்கத்தில் இருக்கும் நகருக்குப் போய் இன்னொரு வண்டி ஏற வேண்டும். மாலையானால் அதுவும் இல்லை. விமான நிலையத்திலிருந்து மேற்குக் கடற்கரை நெடுக ஓடும் பேருந்து பிற்காலத்தில் வந்து சேர்ந்ததுதான். அதுவரை அந்தக் குன்றைக் கடக்க வாடகை வண்டிக்காரர் சொன்னதே விலை.

கிரேக்கத் தீவான சாந்தோரினியிலும் இதே கதை. அக்ரோதிரியிலிருந்து இயாவுக்குப் போக மையமான ஃபிராவில் மாறித்தான் ஆக வேண்டும். நல்லவேளையாக அது சின்னத் தீவு.

மொரீஷியஸ் இன்னும் வெளிப்படையான சாட்சி. அங்கே 1964இல் ரயில் அடியோடு நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் 2020 ஜனவரியில் மெட்ரோ எக்ஸ்பிரஸ் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. இந்திய நிதியுதவியுடன் லார்சன் அண்ட் டூப்ரோ கட்டிய பாதை அது. 2022 அக்டோபரில் உள்நாட்டு ஊரான கியூர்பைப் வரை எட்டியது. உலகமே கடற்கரைக்காகப் போகும் தீவில் போடப்பட்ட இந்தப் பாதை எந்தக் கடற்கரை விடுதிக்கும் போகவில்லை, விமான நிலையத்துக்கும் போகவில்லை. மக்கள் நெருக்கமாக வாழும் உள்நாட்டு ஊர்களைத் தலைநகர் போர்ட் லூயியோடு இணைக்கிறது. குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அலுவலகத்துக்குப் போகிறவருக்கு ஆண்டு முழுவதும் வண்டி வேண்டும். கடற்கரைக்கு வருபவருக்குப் பத்து நாள் வேண்டும்.

## மால்டா மாற்றிப் பார்த்தது

தடங்களை வேறு மாதிரி போட்டால் என்ன என்ற கேள்வி எழும். மத்தியதரைக் கடலின் தீவு நாடான மால்டா அதைச் செய்து பார்த்தது, சூடும் பட்டது.

2011 ஜூலை 3 வரை மால்டாவின் மஞ்சள் பேருந்துகள் பெரும்பாலும் ஓட்டுநர்களுக்கே சொந்தமானவை. ஏறத்தாழ எல்லாத் தடங்களும் தலைநகர் வலேட்டாவின் நகரவாயிலில் வந்து முடிந்தன. அன்றைக்கு அந்த ஏற்பாடு ஒரே நாளில் விலக்கப்பட்டு, அர்ரிவா நிறுவனம் புதிய வண்டிகளோடும் புதிய வரைபடத்தோடும் இறங்கியது. புதிய வரைபடத்தின் சிந்தனை பாடப்புத்தகப்படி சரியானது: எல்லோரையும் வலேட்டாவுக்கு இழுக்காமல் தீவில் பல இணைப்பு நிலையங்களை வைப்பது, கிராமத்திலிருந்து அங்கே சிறு தடம், அங்கிருந்து பெரிய தடம்.

முதல் நாளே பழைய ஓட்டுநர்களில் பலர் வேலைக்கு வரவில்லை. அது தற்காலிகச் சிக்கல். நிலையான சிக்கல் வேறு: நேற்றுவரை ஒரே வண்டியில் போன கிழவிக்கு இன்று இரண்டு வண்டி. பிந்தி வந்த முதல் வண்டி இரண்டாவதைத் தவறவிடச் செய்தது. எதிர்ப்பு வலுக்கவே, வலேட்டாவுக்கு நேர்த் தடங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அர்ரிவா கொண்டுவந்த நீளமான மடிப்புப் பேருந்துகள் 2013இல் தீப்பிடித்ததால் சாலையிலிருந்து அகற்றப்பட்டன. 2014 தொடங்கும்போது நிறுவனமே வெளியேறி, பேருந்துகள் அரசின் கைக்கு வந்தன. 2015 முதல் ஸ்பெயினின் ஒரு நிறுவனம் நடத்துகிறது.

திட்டம் முட்டாள்தனமானது என்று இதற்குப் பொருள் அல்ல. மாறிச் செல்லும் முறைக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: இடைவெளி குறைவாக இருக்க வேண்டும், வண்டி சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். ஐந்து லட்சத்துக்கு மேல் மக்களும் நான்கு லட்சத்துக்கு மேல் வாகனங்களும் 316 சதுர கிலோமீட்டரில் நெருக்கும் நாட்டில் இரண்டாவது நிபந்தனை எப்போதும் ஆட்டம் காணும்.

## இடைவெளியின் கணக்கு

இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. பயணிகளின் பெரும்பாலான எரிச்சல் இங்கிருந்துதான் வருகிறது.

பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் கால அட்டவணையைப் பார்க்க வேண்டியதில்லை. போய் நின்றால் சராசரியாக ஐந்து நிமிடக் காத்திருப்பு. ஒரு மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில் அட்டவணையே வேதம். இப்போது மணிக்கு ஒன்று ஓடும் இரண்டு தடங்களில் மாறிப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டவணைப்படி மாறுவதற்குப் பத்து நிமிடம் இருக்கிறது. முதல் வண்டி பன்னிரண்டு நிமிடம் தாமதம். உங்கள் இழப்பு பன்னிரண்டு நிமிடம் அல்ல, ஒரு மணி நேரம். பன்னிரண்டு கிலோமீட்டரைக் கடக்க அரை நாள் ஆகிவிட்டது என்று புலம்புபவர் மிகைப்படுத்தவில்லை. ஆனால் காரணம் வண்டியின் வேகம் அல்ல.

இன்னொரு புதிர்: நிரம்பி வழியும் வண்டி ஒன்று நிற்காமல் போகிறது, மூன்று நிமிடத்தில் அதே எண்ணில் காலியான வண்டி வருகிறது. ஓட்டுநர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதல்ல இது. சற்றுப் பிந்திய வண்டிக்காக நிறுத்தத்தில் கூடுதலாகப் பேர் சேர்ந்திருப்பார்கள். அவர்களை ஏற்றி டிக்கெட் கொடுக்க நேரமாகும், இன்னும் பிந்தும், அடுத்த நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். பின்னால் வரும் வண்டிக்கோ ஏற்ற ஆளில்லை, விரைந்து வந்து ஒட்டிக்கொள்ளும். கடற்கரைச் சாலை ஒன்றே ஒன்று இருக்கும் தீவில் இந்தச் சேர்க்கை தினசரி நிகழ்ச்சி. பணத்தை நீட்டிச் சில்லறைக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு சுற்றுலாப் பயணியும் அதற்குத் தன் பங்கைச் செலுத்துகிறார்.

## காசு யாருடையது, குரல் யாருடையது

டிக்கெட் வருமானத்தை மட்டும் வைத்துப் பல தீவுகளில் பேருந்தை ஓட்ட முடியாது. மீதியை அரசு மானியமாகக் கொடுக்கிறது. மானியம் கொடுப்பவர் உள்ளூர் வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். ஆகவே சலுகைகள் எந்தப் பக்கம் சாயும் என்று ஊகிக்கலாம்.

மொரீஷியஸில் 2005 முதல் மாணவர்களுக்கும் முதியோருக்கும் பேருந்து இலவசம். மால்டாவில் 2022 அக்டோபர் முதல் தம் பெயரில் பயண அட்டை வைத்திருக்கும் குடியிருப்போர் அனைவருக்கும் இலவசம். ஸ்பெயினின் கேனரி, பலேரிக் தீவுகளில் 2023 தொடங்கி, அடிக்கடி பயணம் செய்பவர்களுக்கு இலவசச் சலுகை வந்தது. விடுமுறைக்கு வந்தவர் அதே வண்டியில் முழுக் கட்டணம் கொடுத்து நிற்கிறார்.

இது நியாயமா? பெரும்பாலும் நியாயம்தான். குடியிருப்போர் வரியாக ஏற்கெனவே கட்டிவிட்டார்கள். ஆனால் எல்லை எங்கே என்பது சட்டச் சிக்கல். மால்டாவில் 2011க்குப் பின் உள்ளூர் அடையாள அட்டை காட்டியவருக்கு ஒரு கட்டணம், மற்றவருக்கு வேறு கட்டணம் என்று இருந்தபோது, ஐரோப்பிய ஒன்றியத்தின் பிற உறுப்பு நாட்டவரைப் பாகுபடுத்துவதாக ஐரோப்பிய ஆணையம் ஆட்சேபித்தது. இன்றைய முறை பயண அட்டையை வைத்து நடக்கிறது. 2024இல் அந்த நாட்டுக்கு 35 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள் என்பதையும், இலவசத்துக்குப் பின் உள்ளூர்ப் பயணிகளும் பெருகினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கோடைப் பிற்பகலில் நிறுத்தத்தைத் தாண்டிப் போகும் நிரம்பிய வண்டிகளுக்கு விளக்கம் தேவைப்படாது.

மானியம் நின்றால் என்ன ஆகும் என்பதை இந்தோனேசியாவின் பாலித் தீவு காட்டியது. 2020இல் தொடங்கிய டிரான்ஸ் மெட்ரோ தேவாத்தா பேருந்துகள், மத்திய அரசின் நிதி முடிந்ததும் 2025 தொடக்கத்தில் நின்றன. சில மாதங்களுக்குப் பிறகு உள்ளாட்சிகளின் பணத்தில் மீண்டும் ஓடின. வீட்டுக்கு வீடு மோட்டார் சைக்கிள் உள்ள தீவில் பேருந்துக்காகக் குரல் கொடுக்க ஆள் குறைவு.

பொருளாதாரத்தில் ஒரு சின்ன அனுகூலமும் உண்டு. உள்ளூர்க் கூட்டம் காலை ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே உச்சத்தில் இருக்கும். விடுமுறைக்காரர் பத்து மணிக்கு முன் விடுதியைவிட்டுக் கிளம்புவதில்லை. கோடையில் பள்ளிகளும் மூடியிருக்கும். எனவே காலையில் அதே வண்டிகள் இரண்டு கூட்டத்துக்கும் போதும். மோதல் மாலையில்: வேலை முடிந்தவரும் கடலில் குளித்து முடித்தவரும் ஒரே நேரத்தில் ஒரே சாலையில் நிற்கிறார்கள், ஈரத் துண்டோடு.

## சுற்றுலா வண்டியும் பொது வண்டியும்

பலேரிக் தீவுகளில் ஒன்றான மயோர்காவில், தலைநகர் பால்மாவிலிருந்து சோயேர் என்ற மலையடிவார ஊருக்கு 1912இல் திறந்த ரயில் இன்றும் ஓடுகிறது. மரப்பெட்டிகள், சுரங்கங்கள், 27 கிலோமீட்டர். அருமையான பயணம், கட்டணமும் அதற்கேற்றபடி. ஒரு காலத்தில் அதுதான் சோயேர் மக்களின் போக்குவரத்து. 1997இல் மலையைக் குடைந்து சாலைச் சுரங்கம் திறந்ததும் ஊரார் அதன் வழியே போகும் சாதாரணப் பேருந்துக்கு மாறினார்கள். இப்போது 204ஆம் எண் பேருந்து ரயிலைவிட வேகமாக, ரயில் கட்டணத்தில் ஒரு சிறு பகுதிக்குக் கொண்டுபோய் விடுகிறது. 203ஆம் எண் அதே ஊருக்கு வால்டெமோசா, தேயா கிராமங்கள் வழியே சுற்றிக்கொண்டு போகிறது. அழகில் அது ரயிலுக்குச் சளைத்ததல்ல.

மேற்கூரை இல்லாத சிவப்புப் பேருந்து, பொம்மை ரயில், விடுதியின் சிற்றுந்து ஆகியவையும் இந்த ரகம்தான். வசதியானவை, ஆனால் பொதுப் போக்குவரத்து என்ற கணக்கில் அவற்றைச் சேர்த்தால் தீவு உண்மையில் இருப்பதைவிட விலை கூடியதாகத் தோன்றும்.

## கப்பலடியில்

தீவுப் பேருந்துக்கே உரிய தலைவலி, ஆட்கள் மொத்தமாக வந்து இறங்குவது. நிற்பவர்களையும் சேர்த்து ஒரு பேருந்தில் 70, 80 பேர் போகலாம். அரை மணிக்கு ஒன்று என்றால் மணிக்கு 150 பேர். கப்பல் ஒரே மூச்சில் 500 பேரை இறக்குகிறது. கப்பலிலிருந்து முதலில் இறங்குபவருக்கும் கடைசியில் இறங்குபவருக்கும் நடுவே மணிக்கணக்கில் நேரம் கரைவதன் கணிதம் இதுதான். சாந்தோரினியின் அத்தினியோஸ் துறைமுகத்தில் கப்பல் வரவைப் பார்த்தே பேருந்து வைக்கிறார்கள். கப்பல் பிந்தினால் ஃபிராவுக்குப் பேருந்தும் பிந்தும்.

மால்டாவின் பக்கத்துத் தீவான கோசோ பார்க்கத் தகுந்த உதாரணம். மால்டாவின் சிர்கெவ்வா துறைமுகத்திலிருந்து கப்பலில் ஏறும்போது யாரும் டிக்கெட் கேட்பதில்லை. திரும்பும்போது கோசோவின் இம்ஜார் துறைமுகத்தில்தான் கட்டணம். போனவர் எப்படியும் திரும்பி வரத்தானே வேண்டும் என்ற நம்பிக்கை. ஒரே இடத்தில் வசூலித்தால் வேலை பாதி. 2021இல் வலேட்டாவிலிருந்து நேராகக் கோசோவுக்கு வேகப்படகு வந்ததும் இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை விழுந்தது: பெரிய கப்பலில் போய் வேகப்படகில் திரும்புபவர் கப்பலுக்கு ஒரு சென்ட் கூடக் கொடுப்பதில்லை. கோசோவில் இறங்கியபின் 301ஆம் எண் பேருந்து விக்டோரியாவுக்கு. தீவின் மற்ற தடங்கள் அங்கிருந்துதான். குட்டித் தீவானாலும் மையம் மையமே.

## இதையெல்லாம் வைத்து என்ன செய்வது

1. விடுதியைத் தேடுவதற்கு முன் தட வரைபடத்தைப் பாருங்கள். குறைந்தது மூன்று தடங்கள் கடக்கும் நிறுத்தத்துக்கு நடந்து போகும் தூரத்தில் தங்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. "கடற்கரைக்கு ஐம்பது மீட்டர்" என்ற விளம்பர வரி, தடத்தின் கடைசி நுனி என்பதற்கு மறுபெயராக இருக்கலாம்.

2. நாளைத் திரும்பும் வண்டியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள். கேனரித் தீவுகளில் ஒன்றான தெனரிஃபேயில் தெய்தே எரிமலைப் பூங்காவுக்குத் தெற்கே கோஸ்தா அதேஹேயிலிருந்து ஒரு பேருந்து, வடக்கே புவேர்த்தோ தெ லா குருஸிலிருந்து ஒரு பேருந்து என்பதே நெடுநாள் ஏற்பாடு. காலையில் போகும், பிற்பகலில் திரும்பும், அவ்வளவே. அதைத் தவறவிட்டால் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வாடகை வண்டி தேட வேண்டும்.

3. திரும்பும்போது நடு நிறுத்தத்தில் நிற்காதீர்கள். வண்டி கிளம்பும் கடைசி நிறுத்தத்துக்கு நடந்துபோய் ஏறுங்கள். மையத்தை நெருங்க நெருங்க வண்டி நிரம்பிவிடும். நிரம்பிய வண்டி நிற்காது. மால்டாவில் காலி வண்டியே ஆனாலும் கை காட்டாவிட்டால் தாண்டிப் போகும்.

4. அட்டவணையில் எந்தப் பருவம், எந்தக் கிழமை என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாளும் தனி அட்டவணை. மயோர்கா விமான நிலையத்திலிருந்து கடற்கரை ஊர்களுக்கு நேராகப் போகும் பேருந்துகள் சுற்றுலாப் பருவத்தில் மட்டும் ஓடுபவை. குளிர்காலத்தில் வருபவர் பால்மா போய் மாற வேண்டும்.

5. கட்டணம் தூரத்துக்கா, நேரத்துக்கா, தலைக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். பார்படோஸில் தீவின் எந்த மூலைக்குப் போனாலும் ஒரே கட்டணம். மால்டாவின் சாதாரண டிக்கெட் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும், மாறி ஏறலாம். கேனரித் தீவுகளில் பயண அட்டையில் போனால் காசு கொடுத்துப் போவதைவிட மலிவு. அங்கே பேருந்துக்கு "குவாகுவா" என்று பெயர். வழி கேட்கும்போது உதவும்.

6. காரால் முடியாத ஒன்று பேருந்தால் முடியும்: ஓர் ஊரில் இறங்கி, கடலோரமாக நடந்து, வேறு ஊரில் ஏறுவது. காரில் போனவர் விட்ட இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். தேயாவிலிருந்து சோயேர் வரையிலான மலைப்பாதை, மால்டாவின் டிங்லி செங்குத்துப் பாறையோரம் ஆகியவை இப்படி நடப்பதற்கென்றே அமைந்தவை.

கார் வேண்டவே வேண்டாம் என்று சொல்லும் கட்சியில் நான் இல்லை. சின்னக் குழந்தைகளும் பெட்டிகளுமாகப் போகும் குடும்பத்துக்கு இரண்டு முறை வண்டி மாறச் சொல்வது தண்டனை. நான்கு பேர் சேர்ந்தால் குறுகிய தூரத்துக்கு வாடகை வண்டிக் கட்டணம் சில தீவுகளில் நான்கு டிக்கெட்டை நெருங்கிவிடலாம். ஆனால் பத்து நாளுக்கும் காரை எடுத்துவைப்பது பெரும்பாலும் வீண். ஆரத் தடத்தில் போகும் நாள்களுக்குப் பேருந்து. ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் குறுக்கே போக வேண்டிய ஒன்றிரண்டு நாள்களுக்கு மட்டும் கார். மையத்துக்குப் போகும் நாளில் கார் பாரமே: வலேட்டாவுக்குள் நுழையும் கார்களைக் கேமரா வைத்துப் படம் பிடித்து, உள்ளே இருந்த நேரத்துக்குக் கட்டணம் போடும் முறை 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. பேருந்து நகரவாயில் வரை கொண்டுவந்து விடுகிறது. உள்ளே எல்லாம் நடக்கும் தூரம்.